பார்க்காமல் போட்ட கையெழுத்து

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையா இருக்கிறவங்க ராத்திரி சாப்பிட்டுட்டு பொறுமையா படிங்க.

இந்த வருஷம் நம்ம கோயில் பங்குனி உத்திரம் நல்லபடியா முடிஞ்சது. பால்குடம் எடுத்தவங்க, அன்னதானத்துக்கு அரிசி பருப்பு குடுத்தவங்க, மறுநாள் காலையில யாரும் கூப்பிடாமலேயே வந்து மண்டபத்தைக் கழுவிவிட்டவங்க, எல்லாருக்கும் நன்றி. நம்ம சாரணர் பிள்ளைங்க தண்ணீர்ப் பந்தல்லயும் முதலுதவி மேசையிலயும் நின்னதைப் பார்த்து நிறைய பேர் பாராட்டினீங்க. அந்தப் பாராட்டோட மூணு நாலு பெற்றோர் ஒரு கேள்வியும் கேட்டீங்க. "அண்ணே, எம் பிள்ளை இவ்வளவு நாளா வர்றான். இன்னும் பேட்ஜ் வரல. மத்த இடத்துல எல்லாம் சீக்கிரம் குடுத்துடறாங்களே, நம்ம குழுவுல மட்டும் ஏன் இப்படி இழுக்குது?"

நியாயமான கேள்விதான். வாட்சாப்ல ரெண்டு வரியில பதில் போட்டுப் பார்த்தேன், சரியா வரல. ஏன்னா அந்தப் பதிலுக்குள்ள நான் செஞ்ச ஒரு தப்பு இருக்கு. அதை மறைச்சிட்டு பதில் சொன்னா அது பாதி பதில்தான். சம்பந்தப்பட்ட பையனும் அவன் அப்பாவும் "எழுதுங்க, பரவாயில்லை"ன்னு சொன்ன பிறகுதான் எழுதுறேன். பேர் போடல. யாருன்னு தெரிஞ்சவங்களும் தயவுசெய்து கமெண்ட்ல போடாதீங்க.

முதல்ல, தாமானுக்குப் புதுசா வந்த குடும்பங்களுக்காக ஒரு விளக்கம். நம்ம குழு எந்தப் பள்ளிக்கூடத்தையும் சேர்ந்தது இல்ல. எந்தப் பள்ளியில படிக்கிற பிள்ளையும் சேரலாம். சனிக்கிழமை மதியம் 3 மணியிலிருந்து 5.30 வரைக்கும் கோயில் மண்டபத்துல கூடுறோம். 26 பிள்ளைங்க இருக்காங்க. பெரியவங்க நாங்க மூணு பேர். மூணு பேருக்கும் சம்பளம் கிடையாது. ஒருத்தர் லோரி ஓட்டுறவர், ஒருத்தர் ஃபேக்டரியில சூப்பர்வைசர், நான் கணக்கு எழுதுறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில தேவார வகுப்பு இருக்கிறதால சனிக்கிழமையை எடுத்துக்கிட்டோம்.

சில பெரியவங்க "கோயில்ல எதுக்குப்பா வெள்ளைக்காரன் இயக்கம்?"னு ஆரம்பத்துல கேட்டாங்க. 1907-ல இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல, பேடன் பவல் ஒரு 20 பையன்களைக் கூட்டிட்டுப் போய் கூடாரம் போட்டுத் தங்கவச்சார். பணக்கார வீட்டுப் பையனும் தொழிலாளி வீட்டுப் பையனும் ஒண்ணா சமைச்சு, ஒண்ணா சாப்பிட்டாங்க. அங்கதான் இது ஆரம்பம். அடுத்த வருஷமே, 1908-ல, நம்ம பினாங்குக்கு வந்துடுச்சு. அப்ப இது நம்ம நாட்டுல நூறு வருஷத்துக்கு மேல வேர் விட்ட மரம். அதோட, சாரணர் எடுக்கிற உறுதிமொழியில முதல் வார்த்தையே இறைவனுக்குச் செய்யற கடமைதான். அப்புறம்தான் மாமன்னரும் நாடும். அதுக்கும் பிறகு அடுத்தவங்களுக்கு உதவி. மூணு விரல் மடக்காம வணக்கம் வைக்கிறாங்களே, அது அந்த உறுதிமொழியோட மூணு பகுதிக்காகத்தான். சந்நிதிக்கு எதிர்ல நின்னு ஒரு பிள்ளை அந்த உறுதிமொழியைச் சொல்லும்போது, இது வேற வீட்டுச் சாமான்னு எனக்குத் தோணினதே இல்ல.

இப்ப பேட்ஜ் விஷயத்துக்கு வர்றேன்.

சாரணர்ல சின்னம் ரெண்டு வகை. ஒண்ணு படிப்படியா ஏறுற சின்னம். சின்னப் பிள்ளைங்களுக்கு அதுல உச்சி கெரிஸ் எமாஸ். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைங்களுக்கு உச்சி பெங்காக்காப் ராஜா. இன்னொண்ணு திறன் சின்னம். முதலுதவி, சமையல், நீச்சல், இப்படி ஒவ்வொரு திறமைக்கும் ஒண்ணு. துணியில தைச்ச சின்ன வட்டம்தான். கடையில வாங்கினா சில வெள்ளி. ஆனா அதைச் சட்டையில தைக்கிறதுக்கு முன்னாடி, "இந்தப் பிள்ளை இதைச் செஞ்சது, நான் பார்த்தேன்"னு ஒரு பெரியவர் கையெழுத்து போடணும். அந்தக் கையெழுத்துக்குத்தான் விலை.

ஒரு முடிச்சையே எடுத்துக்குங்க. புக்கு சீலா, சமமான தடிப்புள்ள ரெண்டு கயித்தைக் கட்டுற முடிச்சு. தட்டையா படுக்கும், அதனால காயத்துக்குக் கட்டுற துணியை இதுலதான் முடிப்போம். ஒரு சுத்து தப்பா போனா பார்க்கிறதுக்கு அதே மாதிரிதான் இருக்கும், ஆனா இழுத்தா வழுக்கும். திண்டே காசே வேற. அது போடுற வளையம் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. ஆளை இடுப்புல கட்டி மேல தூக்க அதுதான் சரி. படத்தைப் பார்த்து ரெண்டையும் வரைஞ்சு காட்டுற பிள்ளைங்க நிறைய பேர். கண்ணை மூடிட்டுப் போடுற பிள்ளைங்க கொஞ்சம் பேர். தேர் திருவிழாவுக்கு வாசல்ல மூங்கில் வளைவு கட்டினோமே, அதுல ஏறி தோரணம் கட்டினது ரெண்டாவது வகைப் பிள்ளைங்க மட்டும்தான். முதல் வகையை நான் ஏற விடமாட்டேன். இது எல்லாருக்கும் புரியுது. ஆனா இதே விஷயம் பேட்ஜுன்னு வந்துட்டா புரிய மாட்டேங்குது. எனக்கே ஒரு காலத்துல புரியல.

மூணு வருஷத்துக்கு முன்னாடி. அந்தப் பையன் அப்ப நான்காம் படிவம். பத்து வயசுல இருந்து நம்மகிட்ட வர்றான். நல்ல பையன், தட்டாம வேலை செய்வான். பெங்காக்காப் ராஜாவுக்குப் பேர் குடுக்கிற நேரம். அதுக்கு முன்னாடி சில திறன் சின்னங்கள் கையில இருக்கணும், முதலுதவியும் அதுல ஒண்ணு. உங்களுக்கே தெரியும், அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனு போடும்போது புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு விழுக்காடு கூட பெருசு. அந்தக் கவலையில பெற்றோர் ஓடுறதை நான் தப்பு சொல்லமாட்டேன். எம் பிள்ளைக்கும் நான் ஓடியிருக்கேன்.

அந்த வாரம் கும்பாபிஷேக வேலைக் கூட்டம். முடிஞ்சு வெளிய வந்தப்ப ராத்திரி பத்தரை. அவன் அப்பா கார் பக்கத்துல நின்னுட்டு இருந்தார். கையில பையனோட பதிவுப் புத்தகம்.

"அண்ணே, திங்கக்கிழமை பாரம் அனுப்பணுமாம். முதலுதவி ஒண்ணுதான் பாக்கி. பையன் எல்லாம் படிச்சுட்டான். நீங்க கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

பையன் கார்ல உட்கார்ந்திருந்தான், தூக்கக் கலக்கத்தோட. கண்ணாடியை இறக்கச் சொல்லி ரெண்டு கேள்வி கேட்டேன். தீக்காயத்துக்கு என்ன செய்யணும்? தண்ணியில காட்டணும். ஆம்புலன்ஸ் நம்பர்? 999. சரியாத்தான் சொன்னான். ஆளைப் படுக்கவைச்சு செஞ்சு காட்டணும், அதுதான் சோதனை. அதுக்கு நேரம் இல்ல, எனக்குப் பசி வேற. கார் பானட் மேலயே புத்தகத்தை வச்சு கையெழுத்து போட்டேன். அவர் கும்பிட்டார். எனக்கும் நல்ல காரியம் செஞ்ச மாதிரிதான் இருந்தது. வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கினேன்.

அடுத்து வந்தது பங்குனி உத்திரம். நல்ல வெயில். ஊர்வலம் கோயிலுக்குத் திரும்புற நேரம். பால்குடம் எடுத்து வந்த ஒரு அம்மா, ஐம்பது ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும், தார் ரோட்டுல அப்படியே சாய்ஞ்சுட்டாங்க. காலையில இருந்து விரதம், வெறுங்கால். பக்கத்துல நின்னவங்க குடத்தைப் பிடிச்சிட்டாங்க. சட்டையில முதலுதவி பேட்ஜோட அந்தப் பையன்தான் முதல்ல ஓடினான். கூட்டமும் விலகி வழி விட்டுச்சு. ஏன் விடாது? சின்னம் இருக்கே.

அவன் அந்த அம்மாவைத் தோளைப் பிடிச்சுத் தூக்கி உட்காரவைச்சான். தலை தொங்குது. நாலு பக்கமும் "தண்ணி குடு, தண்ணி குடு"ன்னு சத்தம். பாட்டிலைத் திறந்து வாயில ஊத்தினான். அந்த அம்மாவுக்குப் புரை ஏறி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் பத்தடி தூரத்துல இருந்தேன். கூட்டத்தைத் தள்ளிட்டு நான் போய்ச் சேர்றதுக்குள்ள, அதே வரிசையில பால்குடம் எடுத்து வந்த ஒரு மிஸ்ஸி, குடத்தை மகள்கிட்ட குடுத்துட்டு உள்ள வந்துட்டாங்க.

"தண்ணி ஊத்தாதே! படுக்கவை!"

அந்த அம்மாவை நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், ஒருக்களிச்சுத் திருப்பி, வாயில இருந்த தண்ணியை வெளிய விட்டாங்க. மூச்சு சீரா இருக்குன்னு பார்த்துட்டு மல்லாக்கப் படுக்கவைச்சு, காலைத் தூக்கி ஒரு நாற்காலி மேல வச்சாங்க. இடுப்புப் புடவையைத் தளர்த்தினாங்க. ஈரத்துண்டைக் கழுத்துல போட்டாங்க. "காத்து வரட்டும், எல்லாரும் தள்ளுங்க"ன்னு ஒரே அதட்டல். கொஞ்ச நேரத்துல அந்த அம்மா கண்ணைத் திறந்தாங்க. ஆம்புலன்ஸ் வந்து கூட்டிட்டுப் போனாங்க. சாயந்தரம் வீட்டுக்கே வந்துட்டாங்க. முருகன் அருள். அந்த மிஸ்ஸி என்கிட்ட அப்புறமா அமைதியா சொன்னாங்க. "அண்ணே, மயக்கத்துல இருக்கிறவங்களுக்கு விழுங்கத் தெரியாது. ஊத்துற தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். இன்னிக்குத் தப்பிச்சது."

அன்னதானம் முடிஞ்சு மண்டபத்துக்குப் பின்னால பாத்திரம் கழுவுற இடத்துல பையனைத் தேடிப் போனேன். பெரிய அண்டா ஒண்ணைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தான். கண்ணு சிவந்திருந்தது. நான் அவனைக் கேட்டது இன்னமும் எனக்கு வெட்கமா இருக்கு. "ஏம்பா, தெரியலன்னா தெரியலன்னு நிக்க வேண்டியதுதானே?"ன்னு கேட்டேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமே இல்ல. நிஜமாவே புரியாம கேட்டான். "தெரியும்னுதான் நெனச்சேன் அங்கிள். நீங்க கையெழுத்து போட்டீங்களே?"

எனக்குப் பேச்சு வரல. நானும் ஒரு ஸ்பாஞ்சை எடுத்துட்டு உட்கார்ந்துட்டேன்.

அதுவரைக்கும் நான் நெனச்சது வேற. பார்க்காம ஒரு பேட்ஜ் குடுத்தா, சாரணர் சங்கத்தைக் கொஞ்சம் ஏமாத்துறோம், பல்கலைக்கழகத்தைக் கொஞ்சம் ஏமாத்துறோம், பிள்ளைக்கு நல்லதுதானே, போகட்டும்னு நெனச்சேன். உண்மையில ஏமாந்தது அந்தப் பிள்ளைதான். அவனுக்குத் தெரியாத ஒண்ணை அவனுக்குத் தெரியும்னு, அவன் நம்புற ஒரு பெரியவன் எழுதிக் குடுத்திருக்கேன். அவன் ஓடி முன்னால போனது திமிர் இல்ல. என் மேல வச்ச நம்பிக்கை.

எங்களுக்கு, அதாவது பெரியவங்களுக்கும் ஒரு பயிற்சி இருக்கு. மானிக்காயுன்னு சொல்வாங்க. 1919-ல லண்டன் பக்கத்துல கில்வெல் பார்க்குல முதல்முதலா நடத்தினது. முடிச்சவங்களுக்குத் தோல் கயித்துல ரெண்டு சின்ன மரமணி கோத்துக் குடுப்பாங்க. முதல் மணிகள், தென்னாப்பிரிக்காவுல சூலு தலைவர் தினுசூலுவோட மாலையில இருந்து எடுத்ததுன்னு வகுப்புல சொன்னாங்க. எனக்கு அது ருத்ராட்சம் மாதிரின்னு அன்னிக்கே தோணுச்சு. கழுத்துல போட்டுக்கிட்டா அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கணும். அன்னிக்கு ராத்திரி வீட்டுல அந்தக் கயித்தைக் கழட்டி மேசை மேல வச்சுட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுது, பையனோடது இல்லன்னு அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் சொன்னேன். அந்தக் கையெழுத்தை எடுத்துக்கிறேன், மாவட்டத் தலைவர்கிட்ட நானே போய்ச் சொல்றேன், அவன் திரும்ப முறையா பழகட்டும்னு சொன்னேன். அப்பாவுக்குக் கோபம். "போன மாசம் நீங்களே குடுத்தீங்க, இப்ப நீங்களே பிடுங்குறீங்க. எம் பிள்ளை என்ன பொம்மையா?"ன்னு கேட்டார். அவர் சொன்னதுலயும் நியாயம் இருந்தது. நான் வாயைத் திறக்கல.

ரெண்டு மாசம் அவங்க கோயிலுக்கு வந்தாலும் என் பக்கம் பார்க்கல. மூணாவது மாசம் ஒரு சனிக்கிழமை பையன் மட்டும் மோட்டார்ல வந்து இறங்கினான். அந்த மிஸ்ஸியைக் கெஞ்சி வரவைச்சிருந்தேன். ஏழு வாரம் அவங்ககிட்ட பழகினான். கீழ படுக்கவைச்சு, ஒருக்களிச்சுத் திருப்பி, கட்டுப் போட்டு, திரும்பத் திரும்ப. கடைசியில கையெழுத்து போட்டது மிஸ்ஸி. ஆனா அதுக்குள்ள அந்த வருஷத்து பெங்காக்காப் ராஜா தேர்வு தாண்டிடுச்சு. அடுத்த வருஷம் எஸ்பிஎம். அதுக்கப்புறம் வயசு வரம்பு. அவனுக்கு அந்தச் சின்னம் கிடைக்கவே இல்ல.

இதை நான் பூசி மெழுக விரும்பல. அது அவனுக்கு நட்டம், நட்டத்துக்குக் காரணம் நான். அன்னிக்கு ராத்திரி "இன்னிக்கு முடியாது, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மண்டபத்துக்கு வா, செஞ்சு காட்டு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஞாயிற்றுக்கிழமையே எல்லாம் முடிஞ்சிருக்கும். எனக்கு ஒரு காலைத் தூக்கம் போயிருக்கும், அவ்வளவுதான்.

இப்ப அவன் பொலிடெக்னிக்ல படிக்கிறான். லீவுக்கு வந்தா சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்துடுவான். சின்னப் பிள்ளைங்களுக்கு முதலுதவி அவன்தான் சொல்லிக் குடுக்கிறான். மூணு தடவை செஞ்சு காட்டாம "சரி"ன்னு சொல்லமாட்டான். அவன் சரின்னு சொன்னாத்தான் நாங்க மிஸ்ஸிகிட்டயே அனுப்புறோம். "அங்கிள் கூட பரவாயில்ல, அந்த அண்ணன்தான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு"ன்னு பிள்ளைங்க புலம்புறதைக் கேட்டிருப்பீங்க.

அதுக்கப்புறம் குழுவுல மூணு விஷயம் மாத்தினோம். ஒண்ணு, சொல்லிக் குடுத்தவர் வேற, சோதிக்கிறவர் வேற. ரெண்டு, வாயால சொல்றது கணக்குல இல்ல, கையால செஞ்சு காட்டணும், ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவையும் காட்டணும். மூணு, கோயில்ல பிள்ளைங்க செய்யற வேலையை நாங்களே குறிச்சு வைக்கிறோம்.

மூணாவது ஏன்னா, என் தப்புக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. நம்ம பிள்ளை ஒண்ணு, அமைதியான பொண்ணு, ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு சாப்பிட்ட இடத்தைக் கூட்டி, வயசானவங்களுக்குச் செருப்பு எடுத்துக் குடுத்து, கடைசி ஆளா வீட்டுக்குப் போவா. சமூக சேவைச் சின்னத்துக்குப் பேர் குடுக்கவே இல்ல. கேட்டா, "அது சாமி வேலை அங்கிள், பேட்ஜுக்குச் செய்யலாமா?"ன்னு கேட்டா. செய்யாத பிள்ளைக்குச் சின்னம் குடுத்த அதே நான், செஞ்ச பிள்ளையைக் கவனிக்கவே இல்ல. ரெண்டும் ஒரே தப்புதான். பார்க்கல. "சாமிக்குச் செஞ்சது சாமிக்கு. நீ செஞ்சதை நாங்க பார்த்தோம்னு சொல்றதுக்குத்தான் இது"ன்னு சொல்லி, போன வருஷம் அவ சட்டையில தைச்சோம். அவ அம்மா அழுதுட்டாங்க.

ஆக, பெற்றோர் கேள்விக்கு என் பதில் இதுதான். நம்ம குழுவுல பேட்ஜ் தாமதமாகுறதுக்குக் காரணம் உங்க பிள்ளை மட்டும் இல்ல. பார்க்கிறதுக்கு ஆள் இல்ல. 26 பிள்ளைங்களுக்கு மூணு பேர். எந்த நேரமும் பிள்ளைங்களோட குறைஞ்சது ரெண்டு பெரியவங்க இருக்கணும், ஒருத்தர் தனியா இருக்கக்கூடாதுங்கிறது எங்க கண்டிப்பான விதி. அதனால ஒருத்தருக்கு ஷிப்ட் மாறி, இன்னொருத்தருக்குக் காய்ச்சல் வந்துட்டா அன்னிக்கு வகுப்பையே ரத்து பண்றோம். இந்த வருஷம் இதுவரைக்கும் நாலு சனிக்கிழமை அப்படிப் போச்சு. பிள்ளைங்க சட்டை போட்டுட்டு வந்து வாசல்லயே திரும்பிப் போனாங்க. இப்படியே போனா அடுத்த வருஷம் குழுவை நடத்த முடியுமான்னு எங்களுக்கே தெரியல.

நன்கொடை கேக்கல. கூடாரம் இருக்கு, கயிறு இருக்கு. ஆள்தான் வேணும். சாரணர்ல இருந்திருக்கணும்னு அவசியம் இல்ல. நம்ம பக்தர்கள்ல மின்சார வேலை தெரிஞ்சவர் இருக்கீங்க, நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற அக்கா இருக்கீங்க, நீச்சல் தெரிஞ்சவங்க, தோட்ட வேலை தெரிஞ்சவங்க, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கீங்க. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை, ரெண்டரை மணி நேரம். ஒரு பிள்ளை பக்கத்துல நின்னு, அது செய்யறதைக் கடைசி வரைக்கும் பாருங்க. தப்பு பண்ணினா "திரும்ப செய்யுப்பா"ன்னு சொல்லுங்க. சரியா செஞ்சா கையெழுத்து போடுங்க.

வர்ற சனிக்கிழமை மதியம் 2.30-க்கு மண்டபத்துல இருப்பேன். விருப்பம் இருக்கிறவங்க வாங்க, பேசுவோம். தே தண்ணி என் செலவு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.